நீண்ட நிபந்தனையை மடிப்பது பற்றி மச்சானுக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அக்காள் உன்னைப் பற்றி விசாரித்ததாக எழுதச் சொன்னாள். என்ன விசாரித்தாள் என்பதை எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். ஆகவே எழுதவில்லை.

நீ எழுதி அனுப்பிய ஃபார்மேட்டரைப் போன மாதம் எங்கள் லிஃப்ட் கம்பெனியில் நிறுவினேன். யார் எப்படி நிரல் எழுதினாலும், சேமித்த மறுகணமே அது வரிகளைத் தன் முறைப்படி அடுக்கிவிடுகிறது. யாருடைய அபிப்பிராயத்தையும் கேட்பதில்லை. வீட்டில் அந்தப் பதவியில் ஏற்கெனவே ஆள் இருப்பதால் எனக்கு இது பழகிப்போன ஏற்பாடுதான்.

இதில் உன் அக்காள் மகளின் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது என்பது உனக்குத் தெரியாது. மாப்பிள்ளையாக வரப்போகிறவர் அவளுக்கு எதிர் மேசைக்காரர், இருவரும் என் பிரிவு. இரு வீட்டுக்கும் பிடித்திருந்தது, அவர்களுக்கும் பிடித்திருந்தது. பிடிக்காமல் போனது ஒன்றே ஒன்று. லிஃப்ட் நிரலில் நீண்ட நிபந்தனை ஒரு வரிக்குள் அடங்காவிட்டால் இவள் கூட்டல் குறியையோ, 'மற்றும்', 'அல்லது' குறிகளையோ வரிக் கடைசியில் விட்டு மடிப்பாள். அவர் அடுத்த வரியின் தலையில் வைத்து மடிப்பார். வரி இன்னும் முடியவில்லை என்று தெரிய வேண்டாமா என்பது இவள் கட்சி. இந்த வரி மேல்வரியோடு எப்படிச் சேர்கிறது என்று தெரிய வேண்டாமா என்பது அவர் கட்சி. இவள் எழுதியதைக் காலையில் அவர் மாற்றுவார், மத்தியானம் இவள் திரும்ப மாற்றுவாள், இப்படிக் குறிகள் இடம் மாறி இடம் மாறி, கடைசியில் அதே நிரலில் ஓடும் எங்கள் ஆபீஸ் லிஃப்ட்டில் உள்ளே ஒருவரும் வெளியே ஒருவரும் சேர்ந்து பொத்தானை அழுத்தினால்தான் கதவு திறக்கும் என்றாகிவிட்டது. காரணம் யாருக்கும் புரியவில்லை. இப்படி அழுத்தினால் திறக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அந்த நிலையில்தான் மாப்பிள்ளையும் மேனேஜரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். வெளியே நின்றது என் மகள்.

"குறி வரிக் கடைசியிலதான் வரணும்னு ஒத்துக்குங்க, அழுத்தறேன்" என்றாள்.

"அது மட்டும் முடியாது" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

"தம்பி, ஒத்துக்கங்க. எனக்கு மூச்சு முட்டுது" என்றார் மேனேஜர்.

"சார், கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல."

நான் ஓடிப்போய் அழுத்தினேன். கதவு திறந்தது, பேச்சுவார்த்தை மூடிக்கொண்டது. அன்று சாயங்காலமே அவள், "கல்யாணத்தை நிறுத்திடுங்கப்பா" என்றாள்.

மறுநாள் உன் ஃபார்மேட்டரை ஓடவிட்டேன். மச்சான், முகஸ்துதி எனக்கு வராது; ஆனால் அது வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு வரிக்குள் அடங்குவதை அது தொடுவதில்லை. அடங்காவிட்டால் நினைத்த இடத்தில் ஒடிப்பதுமில்லை. எந்தக் குறி எல்லாவற்றையும்விடத் தளர்வாகக் கட்டுகிறதோ, அதாவது கணக்கில் கடைசியாகப் பார்க்கப்படுகிறதோ, அந்தக் குறி வரும் இடங்களில் எல்லாம் ஒருசேர மடிக்கிறது; பெருக்கல்போல இறுகக் கட்டும் ஜோடிகளைக் கூடியவரை பிரிப்பதில்லை. அடைப்புக்குள் இருப்பதும் நீளமென்றால் அதையும் ஒரு படி உள்ளே தள்ளி அதே நியாயத்தோடு மடிக்கிறது. குறிகள் எல்லாம் வரித் தலையில், ஒன்றின் கீழ் ஒன்றாக. லிஃப்ட் நிபந்தனையும் அப்படி நின்றது: 'மற்றும்', 'மற்றும்', 'மற்றும்'. எங்கேயாவது ஓர் 'அல்லது' இருக்க வேண்டாமா என்று மேனேஜர் கேட்டார். அவர் நிரல் படிக்கத் தெரிந்தவர் அல்லர். இத்தனை நாள் வரிக் கடைசியில், திரைக்கு அப்பால் ஒளிந்திருந்த பிழை. இடம் மாற்றும்போது 'அல்லது'வை 'மற்றும்' ஆக்கியது யார் கை என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஜெயித்தது மாப்பிள்ளை கட்சிதான். இருந்தும் மகள் முணுமுணுக்கவில்லை. மனிதர் சொன்னால் வரும் ரோஷம் இயந்திரம் சொன்னால் வருவதில்லை. இருவரும் மறுபடி ஒன்றாக டீ குடிக்கப் போகிறார்கள். ஒரு குடும்பத்தையே நேராக அடுக்கிய உன் கை நீடூழி நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காளின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கல்யாணத் தேதி குறித்தாயிற்று. அவர்கள் இப்போது மனமொத்துவிட்டார்கள். மனமொத்தது உன் ஃபார்மேட்டரை ஆபீசிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதில். ஓரெழுத்து மிஞ்சினாலும் ஒரு வரியை ஏழு வரியாக்குகிறதாம். மேனேஜருக்கு எழுதிய மனுவில் மாமனார் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "இதை எழுதினவன் கையில கிடைக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை. அது நீதான் என்று நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வரும்போது நீயும் சொல்லாதே.