சுரங்க ரயிலுக்கு நான் போட்ட திருத்தங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். மூன்று நாளாக நீ போனை எடுக்காததால் இதை உன் ஆபீஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்.

சனிக்கிழமை கேளிக்கைப் பூங்காவில் உன் சுரங்க ரயிலைத் திறக்கக் கூடாது.

காரணத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன். இந்த மாதிரி ரயில்களின் வரலாறு என்று நீ கொடுத்த புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். மலைமேல் வெட்டிய நிலக்கரி வண்டியில் தானாகவே உருண்டு இறங்குமாம், காலி வண்டியை மேலே இழுக்கக் கோவேறு கழுதைகளாம், அவையும் இறங்கும்போது வண்டியிலேயே சவாரி வந்து பழகி, பிறகு நடந்து இறங்கவே மறுத்தனவாம். அதைப் பார்த்துத்தான் ஜனங்களுக்கும் ஆசை வந்திருக்க வேண்டும். நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து இரும்புக் குழாயை வளைத்துத் தண்டவாளம் போட்டு, உயரத்தைக் குறைத்து, வளைவுகளைக் கூட்டி, விளையாட்டுக்கென்றே சுரங்க ரயில் செய்தார்கள். இதுவரை எனக்குப் புகார் இல்லை.

போன ஞாயிறு, குடும்பத்தாருக்கான சோதனை ஓட்டத்தில், நான் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷ வாத்தியார் அனுபவத்தில் கடைசி பெஞ்சுக்கு எதுவும் போய்ச் சேர்ந்ததில்லை. ஆனால் முன்பெட்டிகள் மேட்டைத் தாண்டிச் சரிந்ததும் பின்னால் இருப்பவனைச் சுண்டி இழுத்துக்கொண்டு போகும் என்பதை, எத்தனையோ தடவை கரும்பலகையில் வரைந்தவன், உடம்பால் அன்றுதான் படித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. அதனால்தான் எல்லாம் தெரிந்தது.

உன்னை ஏமாத்திட்டாங்க கண்ணு. புது ரயிலுக்குப் பழைய மரம்! உத்திரமெல்லாம் உளுத்திருக்கு, தலைக்கு ஒரு சாண் மேல உடைஞ்ச பலகை தொங்குது, ஸ்டேஷன் பெயர்ப்பலகை ஒத்தை ஆணியில ஊசலாடுது, சுரங்கத்துக்குள்ள மரம் முனகுது. மேஸ்திரியைப் பிடிச்சுக் கேட்டா, "அது அப்படித்தான் சார் இருக்கணும்"னு சிரிக்கிறான். வீட்டுப்பாடம் எழுதாதவன் எல்லாம் எங்கிட்ட இதே சிரிப்பைத்தான் சிரிச்சிருக்கான்.

அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் அது உன் முதல் ரயில் என்ற நினைப்பு, எழுந்தால் வரைபடத்தில் உன் கையெழுத்து. ஒரு குழந்தை தலையில் விழுந்தால் காண்டிராக்டரையா கேட்பார்கள், உன்னைத்தானே? அதனால நேத்துக் காலையில பையை எடுத்துக்கிட்டு நானே போயிட்டேன். வாட்ச்மேன் எங்கிட்ட ஏழாவது படிச்சவன்.

"உள்ள யாரையும் விடக் கூடாது சார்."

"நான் யாருடா?"

"சார்."

"அப்புறம்?"

கதவைத் திறந்து, ஏணியும் பிடிச்சான். பெயர்ப்பலகையை ரசமட்டம் வெச்சு நேராக்கி நாலு ஆணி அடிச்சேன். தொங்கின பலகையைக் கழட்ட முக்கால் மணி நேரம் ஆச்சு, அவ்வளவு இறுக்கம். துருப்பிடிச்ச விளக்குகளை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கினேன். முனகல் எங்கிருந்துன்னு காதை வெச்சுத் தேடினா, சுவரோரமா ஒரு கறுப்புப் பெட்டி. தாராளமா எண்ணெய் விட்டேன். உடனே நின்னுடுச்சு! தண்டவாளத்தைத் தொடவில்லை. தெரியாத பாடத்தில் நான் கை வைப்பதில்லை.

மிச்சம் இருப்பது உளுத்த உத்திரங்கள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். மாற்றும்வரை திறக்காதே. அப்பா சொல்கிறேன், கேள்.

நீ தலை நிமிர்ந்து நடக்கவும், உன் ரயில் யாருக்கும் சிராய்ப்புக்கூட இல்லாமல் நெடுங்காலம் ஓடவும் எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடி வந்தான், பின்னாலேயே உன் ரயிலுக்கு வண்ணம் பூசிய ஓவியர். பாழடைந்த சுரங்கம் மாதிரி இருக்க வேண்டும் என்று நீதான் கேட்டாயாமே. உளுத்த உத்திரமெல்லாம் சிமெண்டும் பெயின்டுமாம். விழப்போகிற பலகைக்கு எட்டு போல்ட் எதற்கு என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். "என் துரு எங்க சார்? ஒரு மாசம் பூசினேன் சார்" என்று கேட்கிறார் மனுஷர். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, சனிக்கிழமை தாராளமாகத் திற. பெயர்ப்பலகை எத்தனை டிகிரி சாய்ந்திருந்தது என்று மட்டும் டிரைவரிடம் சொல்லியனுப்பு, பாகைமானியோடு கிளம்பி நிற்கிறேன். கறுப்புப் பெட்டி ஒலிபெருக்கியாம், வேறு வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை சுரங்கத்துக்குள் உட்கார்ந்து நானே முனகுவதாக ஓவியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒத்திகைகூடத் தேவையில்லை என்கிறாள் அம்மா.