பெட்ரோலின் பொறுமையும் ஆதிமூலத்தின் காதும்

வண்டி வைத்தியர்களில் கண்ணால் பார்ப்பவர், கையால் தொட்டுப் பார்ப்பவர், கழற்றிப் போட்டுப் பார்ப்பவர் என்று பல வகை உண்டு. இவர்களுக்கெல்லாம் கூலி கொடுக்க வேண்டும். கூலி வாங்காத வகை ஒன்று இருக்கிறது. அதிகம் செலவு வைப்பதும் அதுதான். அவர் காதால் பார்ப்பவர்.

நீங்கள் அவரைக் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். நீங்கள் பாட்டுக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு டீ குடிக்கலாம் என்று இறங்கும்போது, எங்கிருந்தோ ஒரு கை உயரும். "ஆஃப் பண்ணாதீங்க" என்று ஒரு குரல் வரும். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, செங்கம் சாலையில் போகும் பஸ்களும் ஆட்டோக்களும் தமக்காகச் சற்று வாயை மூடிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பவரைப்போல ஒருவர் நிற்பார். "கொஞ்சம் ரேஸ் குடுங்க" என்பார். கொடுப்பீர்கள். "இன்னும்." கொடுப்பீர்கள். "போதும்." பிறகு ஒரு மௌனம். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் பிரித்த டாக்டர் தலையை நிமிர்த்துவதற்கு முன் வருமே, அந்த மௌனம்.

"பெட்ரோல் எங்க போட்டீங்க?"

எந்தப் பங்கின் பெயரைச் சொன்னாலும் அவர் முகத்தில் ஒரு சோகமான புன்னகை வரும். பயந்துபோய் வேறு பங்கின் பெயரை மாற்றிச் சொல்லிப் பாருங்கள். அதே புன்னகைதான். அடுத்து, "நான் சொன்னா நீங்க கேக்கமாட்டீங்க" என்பார். இன்னும் எதுவுமே சொல்லியிருக்கமாட்டார்.

திருவண்ணாமலையில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி ஆதிமூலம். செங்கம் சாலையில் ஒரு பெட்ரோல் பங்குக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருடைய சொந்த ஸ்கூட்டர் கடைக்குப் பின்னால் கவர் போட்டு நிற்கிறது. ஓட்டாத வண்டியில் சத்தம் வராது என்பதால் அதற்கு வைத்தியம் தேவைப்படவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்டோவின் வயிற்றில் ஏதோ முனகினால் இவருக்குக் கேட்டுவிடும். மூன்றடி தூரத்தில் மனைவி ரேணுகாம்பாள் நான்கு முறை "ஏங்க" என்றால் கேட்காது. காதில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ரேணுகாம்பாளிடம் எஞ்சின் இல்லை.

அவருடைய வைத்திய முறை எளிமையானது. பெட்ரோல் கம்மியாகச் செலவாக வேண்டும் என்பவருக்கு, "மேடோ பள்ளமோ, டாப் கியர்லயே போ." சத்தம் வருகிறது என்பவருக்கு, "ஒசந்த பெட்ரோல் போடு." பங்குகளில் பெட்ரோலின் தரமாக எழுதியிருக்கும் ஆக்டேன் எண்களைப் பற்றி அவரிடம் ஒரு தத்துவமே உண்டு. "தொண்ணூத்தொண்ணு தண்ணி. தொண்ணூத்தஞ்சு பால். நூறு இருக்குதே, அது நெய்."

உண்மை என்னவோ இதற்கு நேர்மாறு. ஆக்டேன் என்பது பெட்ரோலின் வீரியம் அல்ல, பொறுமை. எஞ்சினுக்குள் காற்றோடு கலந்து நசுங்கும் பெட்ரோல், ப்ளக் மூட்டிய தீ தன்னிடம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஏதோ ஒரு மூலையில் இருப்பது மட்டும் பொறுக்கமாட்டாமல், தன் முறை வருவதற்கு முன்பே தானாக வெடித்துவிட்டால் 'டக் டக்' என்று கேட்கும். அதுதான் நாக்கிங். எண் கூடக்கூடப் பொறுமை கூடும். தொண்ணூற்றொன்று போதும் என்று செய்த எஞ்சினில் நூறை ஊற்றினால், சும்மா நிற்கிறவனுக்குத் தவம் கற்றுக்கொடுத்த மாதிரி. இந்த அளவுகோலை வைத்து நம் ஆதிமூலத்தை அளந்தால் என்ன எண் வரும்? யாரும் தீப்பொறி வைக்க வேண்டியதே இல்லை. பக்கத்தில் ஒரு வண்டி நின்றால் போதும்.

அடி அண்ணாமலையிலிருந்து தேவிப்ரியா என்ற பெண் சிறிய பெட்ரோல் பிக்கப் ஒன்று வைத்து ஓட்டுகிறாள். காய்கறி, பூ, பந்தல் நாற்காலி என்று எது கிடைத்தாலும் ஏற்றுவாள். சென்ற பௌர்ணமிக்கு முதன்முறையாக ஓர் அன்னதானக் குழு அவளைக் கூப்பிட்டது: செங்கம் சாலை மண்டபத்தில் சமைத்த சாப்பாட்டை, கிரிவலப் பாதையில் போலீஸ் வண்டிகளைத் தடுப்பதற்குள் அடி அண்ணாமலைப் பந்தலில் சேர்க்க வேண்டும். ஒரு தடவை தவறினால் அந்த வேலை மாதாமாதம் டீசல் வண்டி மூர்த்திக்குப் போய்விடும். அவன் ஏற்கனவே குழுவின் வாசலில்தான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு அண்டாக்களோடு அவள் பங்குக்குள் திரும்பியதுதான் தாமதம், எதிர்க் கடையிலிருந்து கை உயர்ந்தது; கையோடு ஆதிமூலமும் சாலையைக் கடந்து வந்தார்.

"ஆஃப் பண்ணாத."

"நேரமாச்சு மாமா. ரோட்ட மூடிடுவாங்க."

"மேட்ல ஏறும்போது டக் டக்னு கேக்குதா?"

"ஒரு மாசமா கேக்குது."

ஆதிமூலத்தின் முகம் மலர்ந்தது. "நாக்கிங். இந்த லோடோட போனா பிஸ்டன்ல ஓட்டதான். நடுவுல நின்னுச்சுன்னா சாம்பார் அண்டாவ தலைல வெச்சிக்கினு கிரிவலம் போவியா?"

"இப்ப இன்னா பண்ணணும்ன்றீங்க?"

"ஒசந்ததா போடு. நூறு நம்பர். இல்லன்னா பேசாம லோட மூர்த்திக்கு மாத்திவுடு."

"மாத்திவுட்டா அடுத்த மாசம் என்னக் கூப்புடுவாங்களா?"

"எஞ்சினா, பௌர்ணமியான்னு நீதாம்மா முடிவு பண்ணணும்" என்றார். இந்த இனத்தின் இன்னொரு அடையாளம் இது. வயிற்றைக் கலக்குவது அவர் பொறுப்பு. முடிவெடுப்பது உங்கள் பொறுப்பு.

அதற்குள் ரேணுகாம்பாள் சாலையைக் கடந்தே வந்துவிட்டார். "ஏங்க, நாலு பேரு ஆதார் கார்ட நீட்டிக்கினு நிக்கிறாங்க. நீங்க இங்க வண்டிக்கு ஜோசியம் பாருங்க." நிபுணர் இழுத்துச் செல்லப்பட்டார்.

பங்கில் உயர்ந்த எண் காலையிலேயே தீர்ந்திருந்தது. வெளியூர்க் கார்கள் நெய் குடித்துவிட்டுப் போயிருந்தன. தேவிப்ரியா மூர்த்தியின் எண்ணைப் போனில் எடுத்தாள். ஒருமுறை அண்டாக்களைத் திரும்பிப் பார்த்தாள். கூப்பிடாமலே போனை வைத்துவிட்டு, சாதாரணப் பெட்ரோலையே போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

முதல் மேட்டிலேயே ஆரம்பித்தது. டக் டக். டாப் கியரில், முக்கி முக்கி ஏறியது வண்டி. ஒவ்வொரு டக்கிலும் பிஸ்டனில் ஓட்டை விழுவதும், பின்னால் மூர்த்தி ஹாரன் அடிப்பதும் அவளுக்குக் கேட்பதுபோல இருந்தது. அப்போது ஒரு கிரிவலக் கூட்டம், சாலை தங்களுடையதே என்ற தெளிவோடு குறுக்கே இறங்கியது. வேறு வழியில்லாமல் செகண்ட் கியருக்கு வந்தாள். சத்தம் நின்றது. கூட்டம் விலகியதும் டாப்புக்குப் போனாள். டக் டக். மறுபடி செகண்ட். பூனைபோல ஏறியது வண்டி. பெட்ரோலின் பொறுமையைச் சோதித்தது எண் அல்ல, மேட்டில் டாப் கியரில் திணறிய எஞ்சின். பெட்ரோல் கம்மியாகட்டும் என்று, லோடோடு மெல்ல ஏறும் மேட்டிலும் டாப் கியரை விடாதே என்று ஒரு மாதத்துக்கு முன் தனக்கு உபதேசித்த மகான் யார் என்பது அவளுக்கு அப்போது நினைவு வந்தது.

தடுப்பு போடுவதற்கு முன்பே போய்விட்டாள். சாம்பாரில் ஆவி அடங்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்கும் அவளையே வரச் சொன்னார்கள்.

மறுநாள் ஆர்.சி. புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். ஆதிமூலம் வெளியே வந்து, கண்ணை மூடி வண்டிக்குக் காது கொடுத்தார்.

"சத்தமே இல்ல பாத்தியா? நெய்க்கும் தண்ணிக்கும் இதான் வித்தியாசம். நான் சொன்னா கேக்கணும்."

தேவிப்ரியா வாயைத் திறந்தாள். கடை வாசலில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமா மாமா" என்றாள்.

ஜெராக்ஸ் காப்பியைக் கொடுக்கும்போது ரேணுகாம்பாள் கேட்டார். "நெசமாவே அதத்தான் போட்டியா?"

"இல்லத்தே. செகண்ட் கியர் போட்டேன்."

"அவருகிட்ட சொல்லிடாத. அதையும் நான்தான் சொன்னேன்னுவாரு."

மூன்றடி தூரத்தில் நின்ற நிபுணருக்கு இது கேட்கவில்லை. பங்கில் புதுச் சரக்கு வந்திருந்தது; அன்று மாலைக்குள் அவர் பேச்சைக் கேட்டு செங்கம் சாலையில் ஏழெட்டு வண்டிகள் நெய் குடித்தன. தேவிப்ரியாவின் பொறுமையை மட்டும் ஆக்டேனில் அளந்திருந்தால் நூறைத் தாண்டியிருக்கும்.

ஆதிமூலத்தைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். சந்தோஷம். ஆனால், "மேட்ல டக் டக்" என்று அவள் சொன்ன அந்த இடத்திலேயே உங்களுக்குள் ஒருவர் தலையைச் சாய்த்து, ப்ளக்காக இருக்கும், ஏர் ஃபில்டராக இருக்கும், இப்போது பெட்ரோலில் என்னென்னவோ கலக்கிறார்களே அதுவாக இருக்கும் என்று ஆரம்பித்தாரே, அவர் யார்? நாளைக்குப் பங்கில் உங்கள் பக்கத்தில் ஒரு வண்டி வந்து இருமும். ஓட்டுகிறவர் உங்களை ஒன்றும் கேட்கமாட்டார். எத்தனை நொடி சும்மா இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஆக்டேன் அதுதான்.