டைம்கீப்பரும் தாஸின் அக்கோடியனும்

இலங்கையில் நேரம் என்ற ஒன்று ஒழுங்காக இருந்ததென்றால், அது எங்கள் டைம்கீப்பரின் கைக்கடிகாரத்தில் மட்டும்தான். கண்டி பஸ் நிலையத்தில் விசில் ஊதி பஸ்களை விரட்டுவது அவர் தொழில். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகமிருந்ததா என்பது சந்தேகம். சனி, ஞாயிறுகளில் எங்கள் கலியாண வீட்டு பேண்டில் ட்ரம்ஸ் அடிப்பார். ஒருமுறை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தயங்க, "தம்பி, முகூர்த்தம் போகுது, கட்டுங்க!" என்று கத்தி விசிலே ஊதிவிட்டார்.

இவருக்கு வாய்த்த கூட்டாளி பன்வில ஊர் தாஸ், அக்கோடியன்காரன். பாட்டைத் தொடங்க நாங்கள் நாலு எண்ணி முடிப்பதற்குள் ஒரு தட்டு முந்திப் புகுந்துவிடுவான். போகிற கலியாணமெல்லாம் இருவருக்கும் சண்டை. பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவார்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே சீட்டில் தூங்கி வழிவார்கள்.

தாஸ் மாரடைப்பில் போய்விட்டான். அடக்கம் முடிந்து வரும்போது டைம்கீப்பர் சொன்னார்: "அவனுக்கு ஒரு பாட்டுப் பதியிறோம். திவசத்துக்கு அவன் வீட்ல போடணும். அந்தப் பாட்டுல தாஸ் இருக்கணும்." எப்படி இருப்பான் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. நான் வெறும் கித்தார்க்காரன்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஸ்டூடியோ பிடித்தோம். அக்கோடியனுக்கு யாழ்ப்பாணத்துச் சங்கீத மாஸ்டர் ஒருவர் வந்தார். கச்சிதமாக வாசித்தார். டைம்கீப்பர் நிறுத்திவிட்டார்.

"மாஸ்டர், ஒரு தட்டு முந்தி வாங்க."

"அது பிழையெல்லோ?"

"பிழைதான். தாஸ் அப்புடித்தான் வருவான். நீங்க சரியா வாசிச்சா அதுல அவன் எங்க இருக்கான்?"

மாஸ்டர் மத்தியானம் வரை முயன்றார். சட்டை நனைந்ததுதான் மிச்சம். "விளங்குது ஐயா. ஆனா எனக்குப் பிழையா வருகுதில்லை" என்று பெட்டியை மூடப் போனார்.

டைம்கீப்பர் பெட்டியின்மேல் கையை வைத்தார். "நீங்க சரியாவே வாங்க. நாங்க எல்லாரும் ஒரு தட்டு பிந்தி வர்றோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொன்னாரே தவிர, அவர் கை கேட்கவில்லை. இரண்டு தடவை முயன்றும் சரியான நேரத்தில்தான் விழுந்தது. "சனியன் புடிச்ச கை!" என்று திட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்தார். நாலு எண்ணியாயிற்று. அக்கோடியன் தனியாகப் புறப்பட்டது. அதற்கப்புறம்தான் கைகளை உருவி அடித்தார். நாங்களும் பின்னால் விழுந்தடித்து ஓடினோம்.

பதிந்ததைப் போட்டுக் கேட்டோம். அவசரக்குடுக்கை தாஸ் அப்படியே வந்து இறங்கினான்.

மாஸ்டருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஐயா, கேக்கிற ஆக்கள் ட்ரம்ஸ்காரருக்கு நேரம் பிடிபடேல்லை எண்டெல்லோ சொல்லுவினம்?"

"சொல்லட்டும் மாஸ்டர். தாஸ் வந்துட்டான்ல?" என்ற டைம்கீப்பர், ட்ரம்ஸ்மேல் தலையைக் கவிழ்த்து அழுதார்.

கித்தாரைக் கீழே போட்டுவிட்டுப் போய் அவரைக் கட்டிக்கொண்டேன். விட மனசே வரவில்லை.