அப்ரிகோட்டின் குறிப்பும் என் குறிப்பும்

என் சாதகம் என்று சொல்லி, நோர்வேயில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பழமரத்தின் விவரத்தை அனுப்பியவள் நான். மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். (ஜேர்மனியின் எசன் நகரில் தமிழ்க்கடைக்கு உப்பு வாங்கப் போனவர்களுக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்கும்.)

நடந்தது இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில். எனக்கு இருபத்தேழு வயது. அகதி வழக்கு இழுத்த இழுவையில் எல்லாமே பிந்திப்போய், எசனுக்கு வெளியே ஒரு பழமரக் கன்றுப் பண்ணையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியின் கடைசி வருடத்தில் இருந்தேன். மரங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு. வீட்டிலோ அப்படித் தலை நிமிர்த்த வழியில்லை. என் சாதகத்தில் செவ்வாய் எட்டாம் வீட்டில் போய்க் குந்தியிருந்தது. வருகிற துணைக்கு அது ஆகாதாம். அதைக் காட்டியே மூன்று சம்பந்தங்கள் முறிந்திருந்தன. அப்பா இல்லாத வீட்டில் தனியாளாக ஓடித்திரிந்த அம்மா, மூன்று தடவையும் என்னைவிடக் கூடுதலாக வாடிப்போனார்.

நாலாவதாக வந்தவர் நோர்வேயின் வடக்கே, ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவர். படத்தில் காது மூடிய தொப்பியோடு, யாரோ பகிடி விட்ட மாதிரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். அதுவரை பாஸ்போட்டுக்குப் பிடித்த முகங்களையே பார்த்திருந்த எனக்கு அந்தச் சிரிப்புப் பிடித்துப்போனது. அம்மாவிடம் "பரவாயில்லை" என்றேன். (எங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை சொல்லக்கூடிய உச்சக்கட்டக் காதல் வசனம் அதுதான்.) அம்மா உடனே என் குறிப்பைப் பிரதி எடுக்க உட்கார்ந்தார். எங்கள் பேச்சில் சாதகத்துக்குக் குறிப்பு என்றுதான் பெயர்.

அதே கிழமை பண்ணைக்குக் குளிர் தாங்கும் அப்ரிகோட் ரகம் ஒன்று புதிதாக வந்திருந்தது. சனிக்கிழமை தோட்டக்காரர்களை அழைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. எங்களுக்கெல்லாம் தலைமைத் தோட்டக்காரரான மைஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்கள் ஆட்களும் நிறையப் பேர் தோட்டம் வைத்திருக்கிறார்கள். உன் மொழியில் ஒரு பக்கம் எழுதித் தா. மரத்தின் பெயரையும் படத்தையும் மேலே நான் போட்டுக்கொள்கிறேன்" என்றார்.

எழுதினேன், பரீட்சை எழுதுவது போல. மேலே 'குறிப்பு' என்று தலைப்பு. மைனஸ் இருபத்தைந்து பாகைக் குளிரையும் தாங்கும். உயரம் நடுத்தரம். பிந்திப் பூக்கும். மூன்றாம் வருடம் காய்க்கும். வெய்யில் பட்ட பக்கம் சிவக்கும். காலடியில் ஈரம் நிற்கக்கூடாது. தனியே காய்க்கும், துணை தேவையில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேசையில் இரண்டு பிளாஸ்டிக் உறைகள் இருந்தன. இரண்டிலும் ஒவ்வொரு தாள், இரண்டின் தலையிலும் 'குறிப்பு'. பஸ் வருகிற நேரம். இரண்டையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். வழியில் தமிழ்க்கடை. அங்கேதான் ஃபக்ஸ்.

"அண்ணை, இந்தக் குறிப்பை ஒருக்கா நோர்வேக்கு அனுப்பிவிடுங்கோ."

"ஓம், வை. மற்றவையின்ர குறிப்பை நான் பாக்கிறேல்லை, பிள்ளை" என்று சொல்லி, அந்தப் பெருந்தன்மைக்காரர் தாளைக் கவிழ்த்துப் பிடித்தபடியே அனுப்பினார். அன்றைக்கு மட்டும் அவர் கொஞ்சம் விடுப்புப் பார்த்து, மற்றவர் சங்கதியில் மூக்கை நுழைத்திருக்கலாம். மற்ற உறையை மைஸ்டரின் மேசையில் வைத்துவிட்டு, நான் கன்றுச் சட்டி தூக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. எல்லார் கையிலும் தாள். எல்லாரும் கன்றைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு அக்கா கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, உமக்கு எட்டில செவ்வாயோ?" என்று கேட்டார்.

தாளைப் பறித்துப் பார்த்தேன். மேலே பளபளவென்று ஒரு அப்ரிகோட் படம். கீழே நான் பிறந்த நேரம், நட்சத்திரம், ராசிக் கட்டம்.

அதற்குள் மைஸ்டர் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். ராசிக் கட்டத்தை அவர் கன்று நடும் வரைபடம் என்று எடுத்துக்கொண்டிருந்தார். "பாருங்கள், எங்கள் பயிலுநர் தானாகவே ஒரு திட்டம் போட்டிருக்கிறாள். சுற்றிவரப் பன்னிரண்டு பாத்தி. வெளிச்சத்துக்காக நடுவை வெறுமையாக விட்டிருக்கிறாள். இந்த மூலையில் மட்டும் மூன்று மரம் நெருக்கியடிக்கிறது, அது கூடாது." (நெருக்கியடித்தவை சூரியன், புதன், சுக்கிரன்.) பிறகு அவருடைய விரல், தனியாக நின்ற 'செ' என்ற எழுத்துக்குப் போனது. "இதுதான் அப்ரிகோட்டாக இருக்கவேண்டும். துணையில்லாமல் காய்க்கும் மரம். அதற்கு மிகச் சரியான இடம்!"

என் செவ்வாய் நல்ல இடத்தில் நிற்கிறது என்று இந்த உலகத்தில் சொன்ன முதல் மனிதர் அவர்தான். அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். அந்த நேரம் எனக்கு நன்றியெல்லாம் வரவில்லை. என் குறிப்பு இங்கே என்றால், அப்ரிகோட்டின் குறிப்பு எங்கே என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போனபோது அம்மா ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தார். மாப்பிள்ளையின் தாயார் எடுத்துப் பொரிந்து தள்ளியிருந்தார்.

"சம்மதமில்லையெண்டா நேர சொல்லுறதுதானே, ஏன் மரத்தைச் சாட்டி நக்கலடிக்கிறியள் எண்டு கேக்கிறா. பிந்திப் பூக்குமாம், மூண்டாம் வருசம்தான் காய்க்குமாம், துணை தேவையில்லையாம். என்னடி எழுதினனீ?"

"பிந்திப் பூத்தாத்தானம்மா வசந்தகாலப் பனிக்குத் தப்பும்" என்றேன் அழுதுகொண்டே. "மற்ற மரங்கள் அஞ்சாறு வருசம் எடுக்கும், மூண்டாம் வருசம் எண்டுறது கெதியம்மா."

"அதை அவவுக்குச் சொல்லு!"

சொல்ல வழியில்லை. அம்மா திரும்பத் திரும்ப எடுத்தும் அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. முதல் மூன்றையும் செவ்வாய் முறித்தது, இதை என் கையாலேயே முறித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் ரெலிபோன் அடித்தது. எடுத்தேன். ஒரு ஆண் குரல்.

"மரத்தின்ர பேரை எழுத மறந்திட்டியள். அதைக் கேக்கத்தான் எடுத்தனான்."

நோர்வே மாப்பிள்ளைதான். அப்ரிகோட் என்றேன். பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். உறை, பஸ், மைஸ்டர், செவ்வாய் எல்லாம். அவர் சிரித்த சிரிப்பு, படத்தில் பார்த்த அதே சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும்.

"மைனஸ் இருபத்தைஞ்சு தாங்குமெண்டு கிடக்கு. இஞ்ச வளருமோ?"

"ஏலாது. உங்கட ரெண்டு மாதக் கோடை அதுக்குக் காணாது."

"காலடியில ஈரம் நிக்கக்கூடாதாம். எனக்கு நாள் முழுக்க மீன் தண்ணிக்கைதான் கால். அப்ப நானும் இஞ்ச வளர ஏலாத மரம்தான்." தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது. "துணை தேவையில்லை எண்டும் எழுதியிருக்கிறியள்."

நான் நல்ல பயிலுநர். கேள்வி கேட்டால் பதில் வந்துவிடும். "தேவையில்லைத்தான். ஆனா பக்கத்தில இன்னொண்டு நிண்டா கூடக் காய்க்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தோம்.

தாயாரை அவர் சமாதானப்படுத்தினார். இந்த முறை சரியான குறிப்புகள் கைமாறின. அம்மா இரண்டையும் பொருத்தம் பார்க்கிற சாத்திரியாரிடம் கொண்டுபோய்விட்டு வந்து, "நல்ல பொருத்தமாம்" என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போய்விட்டார். அடுத்த வருடமே மாப்பிள்ளை எசனுக்கு வந்து சேர்ந்தார். கல்யாணத்துக்கு மைஸ்டர் இரண்டு அப்ரிகோட் கன்றோடு வந்து, எவ்வளவு இடைவெளி விட்டு நடவேண்டும் என்று மணவறையிலேயே விளக்கினார்.

பல வருடம் கழித்து, எங்கள் மகள் பிறந்தாள். அவளுக்குக் குறிப்பு எழுதுவிப்பதா இல்லையா என்று நானும் கணவரும் கதைத்துக்கொண்டிருந்தபோது அம்மா, "உங்கட குறிப்புப் பொருந்தவே இல்லை" என்றார், பருப்புக்கு உப்புக் காணாது என்று சொல்வது மாதிரி. "ஒண்டும் சரிவராது, விட்டிடுங்கோ எண்டுதான் சாத்திரியார் சொன்னவர்."

"அப்ப ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"அண்டைக்கு நீ ரெலிபோனில சிரிச்சனீ. இந்த வீட்டில எத்தினை வருசத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு."

ராகுகாலம் பார்க்காமல் பால் வாங்கவும் போகாதவர் என் அம்மா. அப்படிப்பட்டவர் என் சிரிப்புக்காகச் சாத்திரியாரையே தூக்கி ஒருபக்கம் வைத்திருக்கிறார், அதை இவ்வளவு காலமும் மூச்சு விடாமல் வைத்திருந்திருக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும் என்பதால் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

என் கணவருக்குத்தான் விடுப்பு. "சாத்திரியாருக்கு என்ன மறுமொழி சொன்னனீங்கள், மாமி?" என்று கேட்டார். அதற்கு அம்மா சொன்னதைத்தான் எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் இன்றைக்கும் யாராவது ஒருவர் எழும்பி நின்று சொல்லிக்காட்டுகிறார்கள்.

"நீங்கள் பாத்தது பிழையான குறிப்பு ஐயா, சரியான குறிப்பு அப்பவே நோர்வேக்குப் போயிட்டுது எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."