குருமூர்த்தி அடைத்த எலும்பு

“பொருளா இது? முழுக்க ஓட்டை!”

குருமூர்த்தி கத்தியதில் சிப்காட் ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கூட ஒரு கணம் தயங்கிய மாதிரி இருந்தது. அவர் தரப் பரிசோதகர். ஸ்கூட்டர் பாகங்கள் செய்துவந்த கம்பெனியிடம், பெங்களூரு மருத்துவக் கல்லூரி ஒன்று முதன்முறையாக எலும்பு மாதிரி கேட்டிருந்தது. உள்ளே தெரியும்படி பிளந்த தொடை எலும்பு முனை. அதைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து டாக்டரம்மா எந்த நேரமும் வந்துவிடுவார். “இந்த சாம்பிளும் ரிஜெக்ட் ஆச்சுன்னா நீங்க குடோனுக்குப் போயிடுங்க” என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஆத்திரத்தோடு, ஓட்டை அடைக்கும் பட்டியை அள்ளினார். ஓர் ஓட்டை விடாமல் பூசினார். தேய்த்து வழவழப்பாக்கினார்.

அதை வடிவமைத்த அனுப்ரியா டீ குடித்துவிட்டு வந்து அலறினாள்.

“சார், அது ஓட்டை இல்ல! எலும்பே அப்படித்தான். வெளிய கெட்டி, உள்ள பஞ்சாட்டம்.”

“பஞ்சு எப்படிம்மா ஆளத் தாங்கும்?”

“பாரம் எந்தப் பக்கம் எறங்குதோ, அந்தப் பக்கமாத்தான் உள்ள குச்சிங்க நிக்கும். எடை கம்மி, தாங்குறது ஜாஸ்தி. சந்துல மஜ்ஜை. ரத்தமே அங்கதான் ஊறுது.”

“இங்க எனக்கு ரத்தம் கொதிக்குது! மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க எங்க கேட்டீங்க? பாத்ததும் பூசிட்டீங்க!”

ஊசியால் நோண்டினார். பட்டி இறுகிவிட்டிருந்தது. தின்னரில் முக்கினார். பட்டியோடு பிளாஸ்டிக் குச்சிகளும் இளகின. கோபம் தலைக்கேறி, ஏர் ஹோஸைப் பிடித்துக் காற்றை அடித்தார். பட்டி போனது. பாதிக் குச்சிகளும் பறந்துபோய், பெருக்கிக்கொண்டிருந்த பாப்பம்மாவின் கொண்டையில் செருகிக்கொண்டன.

“என்னா சார், நாய் கடிச்சிப் போட்ட மாதிரி பண்ணிட்டீங்க!”

“வாய மூடு!”

வாசலில் முதலாளியும் டாக்டரம்மாவும் நின்றிருந்தார்கள்.

குருமூர்த்தி எலும்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். டாக்டரம்மா சுற்றி வந்து வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மெலிந்த குச்சிகள், அறுந்த குச்சிகள், நடுவே பெரிய பெரிய வெற்றிடங்கள். குருமூர்த்திக்குக் குடோனின் எலி நாற்றம் இப்போதே அடித்தது.

“தும்ப சென்னாகிதே!” என்று டாக்டரம்மா கன்னடத்தில் வியந்தார். “ரொம்ப நல்லாயிருக்கு! வயசாகி எலும்பு தேஞ்சா உள்ள அச்சா இப்படித்தான் இருக்கும். அடுத்ததா இதைத்தான் கேக்க வந்தேன், முந்திக்கிட்டீங்க! நல்ல எலும்பு ஒண்ணு போதும். இதுல ஐம்பது வேணும். எப்படிச் செஞ்சீங்க?”

முதலாளி குருமூர்த்தியைப் பார்த்தார். குருமூர்த்தி ஹோஸைப் பார்த்தார். அனுப்ரியா கூரையைப் பார்த்தாள்.

பாப்பம்மாதான் வாய் திறந்தாள்.

“ஐம்பது என்னங்க டாக்டரம்மா, ஐநூறே வரும். தெனம் காலையில யாராச்சும் இவருக்குக் கோவத்த மட்டும் கெளப்பிவிட்டாப் போதும்.”