வால்ட்டரின் வின்டர் டயர்

அந்த நவம்பரில் வெள்ளியங்கிரி ஒரு சபதம் எடுத்தான். டயர் விஷயத்தில் மட்டும் வசந்தாமணி பேச்சைக் கேட்பதில்லை.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. நியூஜெர்ஸியில் குடித்தனம் போட்ட நாளிலிருந்து அடுப்படி அவளுடையது. பேங்க் அக்கவுண்ட் அவளுடையது. டிவி ரிமோட் மகளுடையது. அவனுக்கென்று மிஞ்சியது புதிதாக வாங்கிய எஸ்யூவியின் ஸ்டியரிங் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் அந்த வீட்டில் அவன் வாடகைக்கு இருப்பவன் மாதிரிதான். வசந்தாமணிக்குப் பழைய கார் இருந்தது. பனி விழுந்த நாளில் மட்டும், பாப்பாவை ஸ்கூலில் விட்டுவர, போனால் போகிறதென்று பெரிய வண்டியைக் கொடுப்பான். சாவி திரும்பக் கைக்கு வரும்வரை இருப்புக் கொள்ளாது.

வசந்தாமணி சங்ககிரிக்காரி. எம்.காம். படித்தவள். அப்பா லாரி வைத்திருந்தவர். பட்டறையில் டயர் அடுக்குக்கு நடுவே கண்ணாமூச்சி ஆடி வளர்ந்தவள். டயரைப் பற்றி உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், கட்டினவளிடம் மட்டும் கேட்கக் கூடாது என்பது வெள்ளியங்கிரியின் கொள்கை.

"ஏனுங் மாமா, பனி பெய்யறதுக்குள்ள வழுக்காத வின்டர் டயர் போட்டறோணுமுங்."

"ஃபோர் வீல் டிரைவ் புள்ள இது. நாலு சக்கரமும் இழுக்கும்."

"இழுக்குமுங். நிக்கோணுமல்லங்?"

"ஏன் நிக்காது?"

"போன வருசம் கல்லறை எறக்கத்துல பக்கத்து ஊட்டுக்காரரு வண்டியும் நாலு சக்கரத்தோடதானுங் போச்சு. மரத்துல முட்டித்தான் நின்னுச்சு. அந்த எறக்கத்துலதான் நான் பாப்பாவக் கூட்டிட்டுப் போறேன். புதுசாப் பாத்து வாங்குங்."

பாப்பா பெயரைச் சொன்னதும் அவனால் மறுக்க முடியவில்லை. ஆனால் எதை வாங்குவது என்று அவள் சொல்லி அவன் கேட்பதா?

சனிக்கிழமை ஓர் எஸ்டேட் சேலுக்குப் போனான். வீட்டுக்காரர் செத்துப்போனால் சாமான்களை எல்லாம் வெளியே பரப்பி விற்பார்களே, அது. நோவாக் என்ற கிழவி கராஜைத் திறந்து காட்டினாள். நாலு வின்டர் டயர், ரிம்மோடு. செத்துப்போன மனுஷன் வால்ட்டரிடமும் இதே மாடல் வண்டி இருந்ததாம். வெள்ளியங்கிரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ரசீதுக்கு விலாசமும் வீட்டு போன் நம்பரும் எழுதிக் கொடுத்தான்.

"ஒவ்வொரு நவம்பரிலும் அவரே மாட்டுவார். மாட்டும்போது விசிலடிப்பார்," என்றாள் கிழவி. அடித்தும் காட்டினாள். நீளமாக ஒரே ஓசை. கடைசியில் மட்டும் கிணற்றில் இறங்குகிற மாதிரி கீழே போனது.

"இப்ப எங்கே இருக்கார்?" வெள்ளியங்கிரி வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

"உங்கள் தெரு இறக்கத்தில்தான். கல்லறையில் கேட்டுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது."

வசந்தாமணி செத்தவர்களின் குடையைக்கூட வாசப்படி தாண்ட விடமாட்டாள். ஆகவே சொல்லாமல் விட்டான். டயரைக் கழுவி, பாலிஷ் போட்டு, ஞாயிறு மதியம் கராஜில் தானே மாட்டினான்.

"புது டயர். எப்படி?"

வசந்தாமணி குனிந்தாள். டயர் பள்ளத்துக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு தடவு தடவினாள். பக்கவாட்டில் இருந்த எழுத்தைப் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்," என்றாள்.

அவ்வளவுதான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷமான ஒருவன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டாமா? இவன் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

டிசம்பரில் முதல் பனி விழுந்தது. காலையில் பாப்பாவை விட்டுவந்த வசந்தாமணியிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஆபீஸ் கிளம்பினான். வானமும் ரோடும் ஒரே சாம்பல் நிறம். இறக்கத்தில் ஒரு வண்டி இல்லை, ஒரு காக்கா இல்லை. கல்லறை கேட் வலப்பக்கம் வந்தது. ஸ்டியரிங் கைக்குள் மெல்ல வலப்பக்கம் திரும்பியது.

இடப்பக்கம் ஒடித்தான். மறுபடியும் வலம். குழந்தையைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகிற மாதிரி, அவசரமில்லாமல், யாரோ இழுத்தார்கள். கேட் திறந்திருந்தது. உள்ளே கற்களெல்லாம் தலையில் பனியோடு வரிசையாக நின்றன. கேட்டுக்குப் பக்கத்துக் கல் புதுசு.

மெயின் ரோட்டுக்கு வந்தபோது அந்தக் குளிரிலும் சட்டை நனைந்திருந்தது.

"வசந்தா, வண்டி வலப்பக்கமா இழுக்குதா?" என்றான் சாயங்காலம்.

"எனக்கு நேராத்தானுங் போகுது மாமா."

"காத்துப் பாக்கோணுமோ?"

"நேத்தே பாத்துட்டனுங். கரெக்டா இருக்குது." கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "உங்களுக்கு மட்டும் இழுக்குதுங்களா? எந்த எடத்துலீங்?"

"சும்மா, பொதுவாக் கேட்டேன்."

லாரிக்காரர் மகள் காற்று சரி என்றால் சரிதான். அவனாக இறங்கிப் பார்க்கிற வழக்கமும் இல்லை. நியூஜெர்ஸியில் பெட்ரோல் போடக்கூட வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை, பங்க்காரனே போட்டுவிடுகிறான். அதனால் தினமும் காலையில் இழுத்தது. சாயங்காலம் அந்தப் பக்கமே வராமல் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தான். வசந்தாமணி ஓட்டின நாளில் மட்டும் வண்டி பசுமாடு மாதிரி நேராகப் போனதாம். அப்படியானால் வால்ட்டருக்கு வேண்டியது தான் ஒருவன்தான் என்று வெள்ளியங்கிரிக்குப் புரிந்தது.

ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் வண்டியைக் கராஜில் விட்டு இறங்கினான். எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. அப்போது கேட்டது.

நீளமாக ஒரு விசில். கடைசியில் கீழே இறங்கியது.

வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. அடியில் யாரும் இல்லை. சக்கரத்தில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையில் சொட்டியது. பையைப் போட்டுவிட்டு, ஒருக்களித்திருந்த சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். வசந்தாமணி அடுப்பைப் பார்த்து நின்று சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி ஏனுங் வெளுத்திருக்குது?"

"குளிருடி."

மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்த பாப்பா தலையைத் தூக்கினாள். "டாடி, ஹூ இஸ் விசிலிங் இன் தி கராஜ்?"

அன்று அவனுக்குச் சாம்பார் இறங்கவில்லை.

கல்லூரியில் பேய் பிசாசெல்லாம் மூடத்தனம் என்று மேடையேறிப் பேசிக் கோப்பை வாங்கினவன் வெள்ளியங்கிரி. மறுநாள் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டுக் கடையில் எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டு நின்றான்.

"எதுக்குங் மாமா இத்தனை?"

"சளி."

சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் நாலு சக்கரத்துக்கும் முன்னால் குங்குமம் தடவிய பழத்தை வைத்தான். வண்டியைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். காலையில் கிளம்பும்போது ஏற்றி நசுக்கிவிட்டால் வால்ட்டர் ஒழிந்தார்.

காலையில் போய்ப் பார்த்தான். சக்கரத்துக்கு முன்னால் ஒரு பழம்கூட இல்லை. வண்டி பூட்டினபடியே இருந்தது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான்.

டிரைவர் சீட்டில், அவன் உட்காருகிற இடத்தில், குங்குமத்தோடு ஒரே ஒரு எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது.

ஆபீசுக்கு லீவு சொன்னான். வெயில் நன்றாக ஏறினபிறகு, மடியில் முருகன் படத்தை வைத்துக்கொண்டு டயர் கடைக்கு ஓட்டினான். இருந்ததிலேயே உசத்தியாக நாலு புது வின்டர் டயர் போடச் சொன்னான். பழையதை ரிம்மோடு கிழவி வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு, மணியடிக்காமல் வந்துவிட்டான்.

"உனக்காகவும் பாப்பாவுக்காகவும்தான் புள்ள. முதல்ல வாங்கினது எனக்கே திருப்தியில்லை."

"என்ற மாமா மாமாதானுங்," என்று வசந்தாமணி கன்னத்தைக் கிள்ளினாள்.

வண்டி நேராகப் போனது. கல்லறைக் கேட் வந்தது, போனது. வெள்ளியங்கிரிக்கு உயிர் வந்தது.

சனிக்கிழமை அரிசி மூட்டையை நகர்த்தினான். பின்னால் காற்றடிக்கிற கால் பம்ப்.

"இது என்ன வசந்தா?"

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "பாத்துட்டீங்ளா? வலப்பக்கத்து முன் சக்கரத்துல கொஞ்சமாக் காத்தெறக்கி வுட்டேனுங். நானும் பாப்பாவும் போறப்ப அடிச்சுக்குவேன். நீங்க போறப்ப எறக்கிக்குவேன். எங்காத்தாளும் இப்பிடித்தான் எங்கப்பாவைப் புது டயர் வாங்க வெப்பாங்க."

"ஆனா கல்லறைகிட்டத்தானே இழுத்துச்சு!"

"எல்லா எடத்துலயுந்தானுங் இழுத்திருக்கும். நீங்க அங்க மட்டுந்தான் பயந்தீங்க."

"பழசுன்னு எப்பத் தெரியும்?"

"தடவுனப்பவே. அப்புறம் நோவாக் அம்மா போன் பண்ணுச்சு, டயரோட குடுத்த ஜாக்கிய மறந்துட்டுப் போயிட்டீங்கன்னு. அரை மணி நேரம் அந்த மனுசன் கதையெல்லாம் சொல்லுச்சு. செத்தவங்க டயர்ல என்ற புள்ளையக் கூட்டிட்டுப் போகச் சொன்னீங்களே மாமா, நாயமுங்களா?"

அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. சிரித்தேவிட்டான்.

"அந்த எலுமிச்சம்பழம்?"

"மூணை ஊறுகாய் போட்டேனுங். இன்னொரு சாவி என்றகிட்ட இருக்குதல்லங்?"

"அப்ப விசிலும் நீதான்! ஆளைக் கொன்னுட்டே போ!"

வசந்தாமணியின் சிரிப்பு நின்றது. "எந்த விசிலுங் மாமா?"

"கராஜுல. நீளமா."

"எனக்கு விசிலடிக்கவே வராதுங்களே." அவள் முகத்தில் ஈயாடவில்லை. கராஜ் கதவைப் பார்த்தாள். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்து கராஜில் இறங்கினான். புது டயர். வால்ட்டருடைய பொருள் ஒரு திருகாணிகூட அந்த வீட்டில் இல்லை. எஞ்சின் டிக் டிக்கென்று ஆறியது. பிறகு, நிதானமாக, நீளமாக, கடைசியில் இறங்கிக்கொண்டே, அந்த விசில்.

டயரை விட்டுவிட்டு ஆள் வண்டிக்கே குடிவந்துவிட்டார்.

வெள்ளியங்கிரி நேராகச் சமையலறைக்குப் போய்ச் சாவியை வசந்தாமணி கையில் வைத்தான். "இனிமே பெரிய வண்டிய நீயே ஓட்டிக்க."

"அய்யோ, உங்க வண்டியாச்சுங்களே மாமா!"

"எனக்குப் பழைய காரே போதும். மைலேஜ் நல்லா வருது."

திங்கட்கிழமை காலையில் டிரைவ்வேயில் நின்று பழைய காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கராஜ் கதவு ஏறியது. எஸ்யூவி பின்பக்கமாக வந்து, புது டயரில், ஒரு இம்மி வழுக்காமல் அவனைத் தாண்டியது. பின்சீட்டுக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. அதன் வழியே பாதி காற்றும் பாதி எச்சிலுமாக, நீளமாக ஒரு ஓசை வந்து, கடைசியில் கீழே இறங்கியது.

"மெதுவா ஊது கண்ணு," என்றாள் வசந்தாமணி. "அப்பாவுக்குக் கேட்டுரும்."