ஓடித் தொலைத்த மோட்டார்

பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் ஓடியது. சிவப்பை அழுத்தினாள். நின்றது. மறுபடி பச்சையை அழுத்திப் பார்த்தாள். அப்போதும் ஓடியது.

ஓடக் கூடாத மோட்டார் அது. மின்-இயந்திரவியல் டிப்ளமோவின் கடைசிச் செய்முறைத் தேர்வு. ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு மோட்டார், அதை இயக்க ஒரு பேனல், பேனலுக்குள் வேண்டுமென்றே வைத்த ஒரு கோளாறு. கண்டுபிடித்துச் சரிசெய்தால் பாஸ்.

எதையும் இரண்டு தடவை அளந்து பார்ப்பவள் என்பதால் வகுப்பில் அவள் பெயர் 'மீட்டர்'. அளந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட, இதே தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். பாஸானால் வேலை தருவதாக ஒரு லிஃப்ட் கம்பெனி சொல்லியிருந்தது. ஆகாவிட்டால் என்ன என்பதை அப்பா காலையில் கல்லூரி வாசலில், எல்லார் காதிலும் விழும்படி நினைவுபடுத்தினார்.

"பெரியப்பா பாத்திரக் கடையில கல்லாவுக்கு ஆள் தேடறாரு. ஞாபகம் வெச்சுக்க."

ஒயர் ஒயராக அளந்தாள். துடைத்து வைத்ததுபோலப் பளபளவென்று இருந்த பேனலில் எங்கும் குறையில்லை.

பக்கத்து மேசையில் 'தலகாணி' கையைத் தூக்கினான். மூன்று வருடத்தையும் கடைசி பெஞ்சில் தூங்கிக் கழித்து அந்தப் பெயரை வாங்கியவன்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார். ஒரு ஒயர் லூஸா இருந்துச்சு. டைட் பண்ணிட்டேன்."

வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பொத்தானை அழுத்திப் பார்த்தார். மோட்டார் ஓடியது. முழு மதிப்பெண் போட்டார்.

அடுத்தவன் ஃப்யூஸ் போயிருந்தது என்றான். அவனுக்கு அடுத்தவள் துருவைச் சுரண்டி எடுத்ததாகச் சொன்னாள். எல்லா மோட்டாரும் ஓடின. எல்லாரும் கை துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மீட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், என் பேனல்ல கோளாறே இல்ல."

"இல்லாம எப்படிம்மா இருக்கும்? உங்க சாரே போன வாரம் உட்கார்ந்து ஒவ்வொண்ணுலயும் வெச்சிருக்காரு."

"அப்ப எனக்கு மட்டும் வேணும்னே ஓடறதைக் குடுத்திருக்காங்க."

"மோட்டார் ஓடுதுன்னு சண்டைக்கு வர்ற ஆளை இப்பதான் பாக்கறேன். உள்ள திறந்து பாரும்மா."

திறந்தாள். கோபத்தில் திறந்ததால் சுவிட்சுக்குள்ளிருந்த ஸ்பிரிங் எகிறி எங்கோ போய் விழுந்தது. அது இல்லாமலே மூடிவிட்டுப் பச்சையை அழுத்தினாள். ஓடியது. சிவப்பை அழுத்தினாள். நிற்கவில்லை. குத்தினாள். அப்போதும் நிற்கவில்லை. தேர்வாளரே ஓடிவந்து மெயினை அணைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"பாத்தியா? கோளாறு இருக்கு."

"இது நான் வெச்சது சார்."

"யார் வெச்சா என்ன, சரி பண்ணு."

ஸ்பிரிங் தலகாணியின் செருப்புக்கடியில் கிடந்தது. அதைப் பொருத்தி, கழற்றிய ஒயர்களை மாட்டும் அவசரத்தில் இரண்டை இடம் மாற்றிவிட்டாள். இப்போது மோட்டார் பின்பக்கமாகச் சுற்றியது.

"ரெண்டாச்சு" என்றார் தேர்வாளர்.

"இதுவும் என்னோடதுதான். உங்க கோளாறு எங்க இருக்குன்னு காட்டுங்க சார், அதையும் சரி பண்றேன்."

"அதை நான் காட்டினா, தேர்வு எனக்கா உனக்கா?"

ஒயர்களை மாற்றினாள். மோட்டார், காலையில் ஓடியதுபோலவே, அவளைக் கேலி செய்வதுபோல ஓடியது.

"இப்ப சரியா ஓடுதுல்ல? என்ன கோளாறுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

தலகாணி பக்கவாட்டில் சாய்ந்தான். "லூஸ் ஒயர்னு எழுதிடு மீட்டர். யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்தேன்டா. ரெண்டு தடவை பாத்தேன். எதுவும் லூஸா இல்ல."

"கல்லாவுல உட்கார்ந்து சில்லறையையும் ரெண்டு தடவை எண்ணு போ."

அது உறைத்தது. பேனாவை எடுத்தாள். 'லூ' என்று எழுதியும்விட்டாள். ஆனால் அந்த ஒயர் ஒவ்வொன்றும் விரலுக்கு நினைவிருந்தது. உட்கார்ந்து இத்தனை பேர் பேனலிலும் கோளாறு வைத்தவர் அவளை மட்டும் மறந்துவிட்டுப் போவாராம், அதற்கு அவள் பொய் எழுத வேண்டுமாம். தாள் கிழிகிறாற்போல் அடித்துவிட்டு எழுதினாள்: 'கோளாறு எதுவும் இல்லை. நான் வைத்தவை இரண்டு. இரண்டையும் எடுத்துவிட்டேன்.'

தேர்வாளர் படித்தார். பெருமூச்சு விட்டார். பூஜ்யம் போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார்.

"திமிருக்கு மார்க் கிடையாதும்மா."

கருவிகளைப் பெட்டிக்குள் எறிந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. காலையில் மேசைகளில் பேனல்களை வைத்துவிட்டுக் காணாமல்போன லேப் உதவியாளர், மூச்சிரைக்க ஒரு சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார்.

"ஸ்டோர் ரூம் சாவி இப்பதான் சார் கிடைச்சுது. பசங்க சும்மா உட்கார வேணாமேன்னு, நேத்து கம்பெனியிலேர்ந்து வந்த புதுப் பேனலுங்களைப் பெட்டி பிரிச்சு வெச்சிருந்தேன். கோளாறு வெச்ச பேனலை எல்லாம் இப்ப கொண்டுவரட்டுங்களா?"